கைபிடி முனையில் ஒரு இறப்பர் மூடி



கொஞ்சம் நீளமான பதிவு. பெரகல சந்தியைச் சுற்றியுள்ள பெற்றோர்களும், ஹல்துமுல்ல, கொஸ்லந்தைப் பக்கம் சைக்கிள் வைத்திருக்கும் பிள்ளைகளின் வீட்டாரும் நேரம் கிடைக்கும்போது கடைசிவரை வாசியுங்கள். சந்திக்கு மேலே கைவிடப்பட்ட தேயிலை மலையில் சனிக்கிழமைகளில் நாங்கள் மம்பட்டியும் கையுமாக நிற்பதைப் பார்த்துப் பலர் பலவிதமாகக் கேட்டுவிட்டீர்கள். "வாத்திமாருக்கு வேற வேலை இல்லையா?" என்று ஒரு பெரியவர் முகத்துக்கு நேரே கேட்டார். கேட்கத்தான் வேண்டும். அதற்குப் பதில்தான் இது.

நாங்கள் என்றால் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் மூன்று ஆசிரியர்கள். ஒருவர் கணிதம், ஒருவர் விளையாட்டு, இதை எழுதும் கை தமிழ் படிப்பிக்கும் கை. மூன்று பேரும் முப்பதைத் தாண்டியவர்கள்.

போன ஆகஸ்ட் விடுமுறையில் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். அதில் எங்கள் பிழையும் இருக்கிறது.

மேல் லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்கும் குறுக்குப் பாதை எல்லோருக்கும் தெரியும். கொழுந்து எடுக்கப் போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காலம் காலமாக நடந்து நடந்து உண்டானது. நேராகக் கீழே விழும் பாதை. மூன்று இடத்தில் கான் குறுக்கிடும், அதன்மேல் பலகைத் துண்டு கிடக்கும். பையன்கள் அதில் சைக்கிளில் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு பின்னேரம் உயர்தரம் படிக்கும் பையன் ஒருவன் பிரேக்கைத் தொடாமலே மேலிருந்து கீழே வந்து நின்றதை நாங்கள் போனில் பிடித்து, பாட்டும் சேர்த்து, எங்கள் பக்கத்தில் போட்டோம். அதற்கு விழுந்த லைக்குகள் எங்கள் எந்தக் கட்டுரைக்கும் விழுந்ததில்லை.

நான்காம் நாள் பத்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் அதை முறியடிக்கப் பார்த்தான். இரண்டாவது கானில் பலகை புரண்டது. முன்சில் உள்ளே போனது. கைபிடி ஒரு பக்கமாகத் திரும்ப, அவன் அதன்மேலேயே விழுந்தான்.

நாங்கள் ஓடிப் போனபோது எழும்பி உட்கார்ந்திருந்தான். முழங்காலில் சிராய்ப்பு, உள்ளங்கையில் கொஞ்சம் ரத்தம். "ஒண்ணும் இல்ல சேர்" என்றான். நாங்களும் அதையே நம்பினோம். காலைக் கழுவிவிட்டோம், சீனி கூடப் போட்டு ஒரு பிளேன் டீ கொடுத்தோம், வீட்டுக்கு அனுப்பினோம். இடது தோள் வலிக்கிறது என்று போகும்போது சொன்னான். விழுந்ததில் அடிபட்டிருக்கும், எண்ணெய் தேய்க்கச் சொல் என்றோம். இந்த ஒரு வாக்கியம் இன்றுவரை எங்களைத் தூங்க விடவில்லை.

இஷாத் தொழுகை முடிந்து வந்து சோற்றுக்கு உட்கார்ந்த நேரம் அவனுடைய அம்மா வாசலில் வந்து நின்றார். கொழுந்துக் கூடை மட்டும்தான் தலையில் இல்லை, மற்றபடி வேலைக்குப் போன கோலம். "சேர், புள்ள வாந்தி எடுக்குறான். முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. கைகாலு சில்லுன்னு இருக்கு." ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் டொக்டர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "சைக்கிளா? கைபிடி பட்டதா?" சேர்ட்டைத் தூக்கினார். இடப்பக்க விலாவுக்குக் கீழே வட்டமாக ஒரு தடம். பழைய பத்து ரூபாய்க் குற்றியை மை தடவி அழுத்தி வைத்ததுபோல. அவன் சைக்கிளின் கைபிடி முனையில் இருந்த இறப்பர் மூடி எப்போதோ கழன்று போயிருந்தது. வெறும் இரும்புக் குழாய்.

மண்ணீரலில் கிழிவு. உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. மண்ணீரலில் இருந்து கசியும் ரத்தம் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் உள்ள விதானத்தை உறுத்தும்போது வலி இடது தோளில் தெரியும் என்று அன்று இரவுதான் எங்களுக்குத் தெரிந்தது. தோளில் அடியே பட்டிருக்காது. பிள்ளைகளின் மண்ணீரல் பெரும்பாலும் சத்திரசிகிச்சை இல்லாமலே ஆறிவிடும், ஆனால் படுக்கையில் வைத்துக் கவனமாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். அப்படியே ஆயிற்று, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த முதல் இரவு வார்ட்டுக்கு வெளியே வாங்கில் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் நாங்கள் மூவரும் இருந்தோம். அவர் எங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும்.

வீடியோவை விடியற்காலையிலேயே அழித்துவிட்டோம்.

ஊரில் இரண்டு விதமாகப் பேச்சு வந்தது. சைக்கிளையே தடை செய்ய வேண்டும் என்று ஒரு பேச்சு. பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள், போன்தான் காரணம் என்று இன்னொரு பேச்சு. தடை ஒரு கிழமை இருந்தது. அதன் பிறகு பையன்கள் நாங்கள் பார்க்காத நேரம் பார்த்து, மிஸ்ட் இறங்கிய விடியற்காலையில், அதே குறுக்கில் இறங்கினார்கள். முதலாவதை விட இது மோசம். விழுந்தால் ஓடிவர ஆள் இல்லை.

அப்போதுதான் படிக்க ஆரம்பித்தோம். மலையில் சைக்கிள் ஓடுவது நம் பையன்களின் பைத்தியம் மட்டுமில்லை. 1976இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டாமல்பாய்ஸ் என்ற மலைப்பக்கம் சில இளைஞர்கள் பழைய இரும்புச் சைக்கிள்களை மலைமேல் ஏற்றிக்கொண்டு போய், ஏறக்குறைய 400 மீற்றர் உயரத்தை மூன்று கிலோமீற்றர் சொச்சத்தில் இறங்கிப் போட்டி வைத்தார்கள். (பெயரில் தமிழ் இருப்பதுபோலத் தோன்றும். இல்லை, அது அந்த மண்ணின் பூர்வீகக் குடிகளின் சொல்.) பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான் அவர்களுக்கு. ஒருதரம் இறங்கினாலே உள்ளே இருக்கும் கிரீஸ் எரிந்து புகைந்துபோகும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் போட்டிக்கு 'ரீபெக்' என்று பெயர் வந்தது. நம் பையன்களின் சைக்கிள் அதைவிட மேலானது என்று சொல்ல மாட்டோம்.

இன்று அந்தப் பைத்தியத்துக்குப் பூங்காக்கள் இருக்கின்றன. கனடாவின் விசிலர் மிகப் பெயர்போனது. பனிச்சறுக்கு மலை, கோடையில் சைக்கிளுக்கு. நல்ல சைக்கிள், நல்ல கவசம், அடையாளம் போட்ட பாதை, காவலுக்கு ஆள், எல்லாம் உண்டு. அங்கேயே 2009ஆம் ஆண்டின் ஒரே பருவத்தில் 898 பேர் காயத்தோடு அந்த ஊர் மருத்துவ நிலையத்துக்கு வந்ததாக டொக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். எலும்பு முறிவுகளில் நான்கில் மூன்று கையிலும் தோளிலும். பத்தில் ஒருவருக்குச் சற்று அதிகமாகத் தலையில் காயம். இதைப் படித்ததும் எங்கள் விளையாட்டு ஆசிரியர் புத்தகத்தை மூடிவிட்டு, "அப்ப நாம எந்த மூலைக்கு?" என்றார். விழவே விழாத பாதை என்று ஒன்று கிடையாது. விழுகிறவன் எதன்மேல் விழுகிறான், எவ்வளவு வேகத்தில் விழுகிறான் என்பதை மட்டும்தான் பாதை வெட்டுகிறவன் தீர்மானிக்க முடியும்.

வேகம் இரண்டு மடங்கானால் இயக்கசக்தி நான்கு மடங்கு. பள்ளிக்கூடத்துப் பாடம். 20 கிலோமீற்றர் வேகத்தில் விழுவதும் 40இல் விழுவதும் ஒன்றல்ல. நேராகக் கீழே விழும் பாதை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும், மழைத் தண்ணீரும் அதே வழியாக ஓடி மண்ணை அரித்துக் கல்லை வெளியே எடுக்கும், அந்தக் கல்லில்தான் சில் மோதும். எங்கள் கணித ஆசிரியர் தண்ணீர்க் குழாயும் நீட்டுக் கம்பும் எடுத்துப் பத்தாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போய்க் குறுக்கை அளந்தார். 150 மீற்றருக்கு 45 மீற்றர் இறக்கம். படித்திறன் 30 சதவீதம். இவ்வளவு காலமும் கரும்பலகையில் கோடு கீறிப் படித்திறன் சொல்லிக்கொடுத்தோம், ஒரு பிள்ளைக்கும் ஏறவில்லை. அன்று எல்லோருக்கும் ஏறியது.

1988இல் தொடங்கிய சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் ஒன்று உண்டு. பாதை வெட்டுவதற்கு அவர்கள் சொல்லும் விதி சின்னது. மலைச்சரிவு எவ்வளவோ அதில் பாதிக்கு மேல் பாதையின் சரிவு போகக்கூடாது. மொத்தப் பாதையையும் எடுத்துப் பார்த்தால் 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். பாதியைத் தாண்டினால் தண்ணீர் பாதையைக் கடந்து போகாமல் பாதையிலேயே இறங்கி ஓடத் தொடங்கும். இந்தக் கணக்கில் எங்கள் 45 மீற்றர் இறக்கத்துக்குக் கிட்டத்தட்ட 500 மீற்றர் நீளத்தில் வளைந்து வளைந்து போகும் பாதை வேண்டும். அதைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

வெட்டத் தொடங்கிய முதல் சனிக்கிழமை மேல் லயத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். அரைமணி நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வாத்தியாரே, கான் வெட்டிப் பார்த்திருக்கீங்களா?" என்றார். இல்லை என்றோம். "தெரியுது" என்றார்.

அவர் முப்பது வருடம் கான் வெட்டியவர். தோட்டத்தில் கானை நேராகக் கீழே வெட்ட மாட்டார்கள். மலையைச் சுற்றி மெல்லிய சரிவில் கொண்டுபோவார்கள், இடைக்கிடை குழி விடுவார்கள், தண்ணீர் அதில் நின்று மண்ணைப் போட்டுவிட்டுப் போகும். "தண்ணிய ஓட விடாதீங்க, நடக்க விடுங்க. ஓடுற தண்ணி திருடன் மாதிரி, கையில கிடைச்சத எடுத்துக்கிட்டுப் போயிரும்." நாங்கள் இங்கிலீசுப் புத்தகத்தில் மூன்று இரவு முழித்துப் படித்ததை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். பத்துப் பதினைந்து மீற்றருக்கு ஒருதரம் பாதை கொஞ்சம் ஏறித் திரும்ப இறங்க வேண்டும், அந்தப் பள்ளத்தில் தண்ணீர் வெளியே போய்விடும், சைக்கிள்காரனின் வேகமும் குறையும் என்று புத்தகம் சொல்லும். பாதையின் தளம் வெளிப்பக்கமாக, ஒரு மீற்றருக்கு ஐந்து சென்ரிமீற்றர் அளவு, சரிந்திருக்க வேண்டும் என்று சொல்லும். இரண்டும் அவருக்குக் கண்ணளவில் வரும். அவர் தடியால் கோடு போட, பையன்கள் வெட்டினார்கள். வெட்டிய மண்ணைப் பாதையின் ஓரத்தில் குவித்துத் தளத்தை அகலமாக்கப் பார்த்தபோது தடியால் தட்டிவிட்டார். போட்ட மண் இருக்காது, வெட்டிய தரைதான் இருக்கும் என்றார். அதையும் புத்தகம் சொல்லியிருந்தது, நாங்கள்தான் கவனிக்கவில்லை.

ஹப்புத்தளைப் பக்கம் வெள்ளைக்காரர்கள் பையைச் சுமந்துகொண்டு நடந்துபோவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது பெக்கோ டிரெயில். கண்டி ஹந்தானையில் தொடங்கி, லூல்கந்துர, நோர்வூட், பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடியும். 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவியும் சேர்ந்து செய்தது. அந்தப் பாதையில் பெரும்பகுதி புதிதாக வெட்டப்பட்டதில்லை. தேயிலை ஏற்றுவதற்கும் ஆள் நடப்பதற்கும் நம் மக்களின் பாட்டன் பாட்டிமார் வெட்டிய தோட்டப் பாதைகள்தான். நூறு வருடத்துக்கு மேல் மழை குடித்தும் நிற்கிறதென்றால் அந்தக் கைகளுக்குச் சரிவின் கணக்குத் தெரிந்திருந்தது. வழிகாட்டிப் பலகையில் அவர்கள் பெயர் இல்லை என்பது எங்கள் தனிப்பட்ட வருத்தம், அது இன்னொரு பதிவுக்கு.

மூன்றாவது சனிக்கிழமை வேலை நின்றது.

கீழ் லயத்திலிருந்து ஐந்தாறு பெண்கள் ஏறி வந்தார்கள். முன்னால் வந்த அம்மா சத்தம் போடவில்லை. "சேர், நீங்க மேல மண்ண வெட்டுறீங்க. கீழ எங்க வீடு இருக்கு. மீரியபெத்தை எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். இங்கிருந்து கொஸ்லந்தைப் பக்கம் பஸ் ஏறினால் எவ்வளவு நேரம்? 2014 ஒக்டோபர் 29, காலை நேரம், லயங்களுக்கு மேல் மலை இறங்கியது. பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருந்த வீடுகளில் பெற்றோர் இல்லாமல் போனார்கள். அது ஆபத்தான இடம் என்று முன்னமே எச்சரிக்கை இருந்தது. அப்படிப்பட்ட மலையில் அனுமதி கேட்காமல், கீழே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்று சொல்லிக்கொண்டு நாங்கள் மண் வெட்டிக்கொண்டிருந்தோம். பதில் வரவில்லை. மம்பட்டிகளைக் கீழே வைத்தோம்.

அடுத்த இரண்டு கிழமை வெட்டவில்லை, நடந்தோம். கிராம உத்தியோகத்தரிடம் போனோம். தோட்டத்து அலுவலகத்துக்குப் போனோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களுக்கு வரைபடம் போட்டிருக்கிறது, அதில் நம் மலை எந்த நிறத்தில் இருக்கிறது என்று கேட்டோம். கடைசியில் கீழ் லயத்துக்கு மேலே இருந்த இரண்டு வளைவுகளையும் கைவிட்டோம். வெட்டியதை மூடிப் புல் நட்டோம். பாதையை முழுதாகக் கிழக்குப் பக்க மேட்டுக்கு மாற்றினோம், அந்தப் பக்கம் கீழே வீடு இல்லை, பாறைதான். வெட்டும் ஆழத்தையும் குறைத்தோம். ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை மழைக்காலத்தில் மம்பட்டி தொடுவதில்லை, பாதையும் கயிறு கட்டி மூடப்படும். நனைந்த மண்ணில் சைக்கிள் ஓடினால் சில் போன தடத்திலேயே தண்ணீர் ஓடும். முன்னால் வந்த அதே அம்மா இப்போது மழை பெய்தால் முதலில் போய்க் கயிறு கட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார்.

பாதையின் ஓரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கைவிடப்பட்ட தேயிலையில் கவ்வாத்துப் போட்ட பழைய கட்டைகள் கூராக நிற்கும். வளைவுக்கு வெளிப்பக்கம், சறுக்கினால் விழக்கூடிய இடத்தில், அப்படி ஒரு கட்டை இருந்தால் அது ஈட்டி. மூன்று சனிக்கிழமை அதற்கே போனது. அலவாங்கு போட்டுக் கிளப்பினோம், கிளம்பாததை நிலத்தோடு அறுத்து மேலே மண் போட்டோம். அறுந்த முள்ளுக்கம்பி பத்து மீற்றருக்கு மேல் பற்றைக்குள் கிடந்தது. மேடுகள் இரண்டு வைத்திருக்கிறோம், இரண்டுமே மேசைபோல மேல்தளம் உள்ளவை. பாயத் தெரியாதவன் உருட்டிக்கொண்டே கடந்துவிடலாம். நடுவில் குழி விட்டுத் தாண்டும் மேடு வேண்டும் என்று பையன்கள் இன்னும் கேட்கிறார்கள். தரமாட்டோம். பாதையில் மிகக் கஷ்டமான வளைவைத் தொடக்கத்திலேயே வைத்தோம், அங்கே மெதுவாகத்தான் வரமுடியும், அதைச் செய்ய முடியாதவன் அங்கேயே இறங்கித் தள்ளிக்கொண்டு திரும்பலாம். முதல் தரம் பாதையை நடந்து பார்க்க வேண்டும், இரண்டாம் தரம் மெதுவாக ஓட வேண்டும், பிறகுதான் மற்றது.

இனிப் பெற்றோருக்கு.

சைக்கிளின் கைபிடி முனைகளை இன்றைக்கே பாருங்கள். மூடி இல்லாவிட்டால் ஒரு மூடி போடுங்கள். கடையில் இல்லையென்றால் போத்தல் தக்கையை அடித்து மேலே இறப்பர் சுற்றினாலும் போதும். பிள்ளை விழுந்து வயிற்றில் கைபிடி பட்டது என்று தெரிந்தால், தடம் சின்னதாக இருந்தாலும், சிரித்துக்கொண்டு நின்றாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போகும் வழியில் சாப்பாடு தேத்தண்ணி கொடுக்காதீர்கள். நாங்கள் கொடுத்தோம். தோள் வலி, வாந்தி, முகம் வெளுத்தல், தலைசுற்று, இதில் ஒன்று வந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

தலை அடிபட்டவன் கேட்டதையே திரும்பக் கேட்டால், தூங்கி விழுந்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், அதுவும் ஆஸ்பத்திரிதான். ஒன்றும் இல்லாவிட்டாலும் அன்றைக்குத் திரும்பச் சைக்கிளில் ஏறக்கூடாது. கழுத்து வலிக்கிறது என்பவனைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், அசைக்காமல் வைத்துக்கொண்டு 1990க்கு அடியுங்கள். அழைப்புக்கும் காசில்லை, வண்டிக்கும் காசில்லை. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அந்தச் சேவை இப்போது ஊவாவிலும் ஓடுகிறது. அன்று எங்களுக்கு அந்த இலக்கம் ஞாபகத்துக்கே வரவில்லை. பாதை தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் கல்லில் வெள்ளைப் பெயின்றில் எழுதியிருக்கிறோம், மூன்று மொழியிலும், எந்தச் சந்தியில் நிற்கிறோம் என்று சொல்லும் வார்த்தைகளோடு. வண்டிக்கு வழி சொல்லத் தெரியாமல் திணறுவதுதான் அதிகம் நடக்கிறது.

ஹெல்மெட் எங்களிடம் நான்கு இருக்கிறது. இரண்டு சைக்கிளுடையது, இரண்டு மோட்டர் சைக்கிளுடையது. கழுத்துக்குப் பாரம், ஆனாலும் வெறுந்தலைக்கு மேல். ஒருதரம் பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கும், அதை எங்களுக்குத் தராதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் ஊருக்கு வரும்போது சைக்கிள் ஹெல்மெட் ஒன்று கொண்டுவந்தால் காசு அனுப்புவதைவிட உதவி. நான்கு ஹெல்மெட் இருப்பதால் ஒரு நேரத்தில் நான்கு பேர்தான் பாதையில். மற்றவர்கள் காத்திருப்பார்கள். காத்திருக்க அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

தோட்ட அலுவலகத்திலிருந்து எழுத்தில் அனுமதி இன்னும் கைக்கு வரவில்லை, வாய்ச்சொல் மட்டும்தான் இருக்கிறது. கடிதம் வரும்வரை கீழ்ப்பாதி திறக்கப்படாது. மேல் 200 மீற்றர் மட்டும் சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை, எங்களில் இருவராவது நிற்கும்போது. மற்ற நேரம் யாராவது ஓடினால் எங்களுக்குச் சொல்லுங்கள், பையனை அடிக்க வேண்டாம்.

அந்தப் பையன் இப்போது பதினோராம் ஆண்டு. சைக்கிளில் ஏற டொக்டர் சொன்ன காலம் முடிந்துவிட்டது, அம்மா சொன்ன காலம் முடியவில்லை. சனிக்கிழமைகளில் பாதையின் தொடக்கத்தில் கல்லின்மேல் உட்கார்ந்திருப்பான். வருகிற ஒவ்வொரு சைக்கிளையும் நிறுத்தி, முன் பிரேக், பின் பிரேக், பிறகு இரண்டு கைபிடி முனையையும் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பான். மூடி இல்லாத சைக்கிளுக்குப் பாதை இல்லை. போன கிழமை எங்கள் விளையாட்டு ஆசிரியரின் சைக்கிளையே திருப்பி அனுப்பிவிட்டான்.

வருகிற சனிக்கிழமை மம்பட்டி வேலை இல்லை, பற்றை வெட்டு மட்டும். காட்டுக்கத்தி உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். தேத்தண்ணி கீழ் லயத்து அம்மாமார் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.